சாஃப்ட் டாப் கார்: கூரையைக் கழுவினால் மட்டும் போதுமா?

கூரையை மடக்கி வைத்துவிட்டு, வெயிலும் காற்றும் முகத்தில் பட ஓட்டக் கூடிய கார்களைப் பார்த்திருப்பீர்கள். இவற்றை கன்வர்ட்டிபிள் கார்கள் என்பார்கள். தகட்டுக்குப் பதிலாக மடங்கக் கூடிய துணி அல்லது வினைல் கூரை இருந்தால் அது சாஃப்ட் டாப் ஆகும். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நான், சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பட்டனை அழுத்தினால் போதும், கூரை தானாக மடங்கிப் பின்னால் போய் உட்கார்ந்து கொள்ளும்.

ஆசையாக வாங்கிய கார் அல்லவா? தவறாமல் கழுவினேன். கூரை புதுசு போல இருந்தது. மூன்றாவது குளிர்காலம் முடிந்து, முதல் வெயில் வந்த அன்று பட்டனை அழுத்தினேன். கூரை அசையவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தார்கள். கூரை மடங்கி உட்காரும் பள்ளத்தின் அடியில்தான் அதை இயக்கும் மோட்டார் இருக்கிறது. அது தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது!

"கூரையை நன்றாகத்தான் கழுவியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று என்றைக்காவது பார்த்தீர்களா?" என்று கேட்டார் மெக்கானிக். என்னிடம் பதில் இல்லை. புது மோட்டாருக்கும் கூலிக்கும் சேர்த்து, காரை வாங்கிய விலையில் நான்கில் ஒரு பங்கு செலவானது. அந்தச் செலவில் நான் கற்றுக் கொண்டதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

உங்கள் கூரை எந்த வகை?

முதலில் இதைத் தெரிந்து கொள்ளுங்கள். சாஃப்ட் டாப் கூரைகள் இரண்டு வகை. ஒன்று வினைல். தொட்டால் ரெக்ஸின் போல வழவழப்பாக இருக்கும். 1989-ல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் இந்த வினைல் கூரையைப் பரவலாகக் காணலாம். மற்றது துணி. தொட்டால் கான்வாஸ் போல நெய்த நூல் கையில் தெரியும்.

துணிக் கூரையைப் பலர் மொஹேர் என்று அழைத்தாலும், இன்று பெரும்பாலும் அது அக்ரிலிக் நூலால் நெய்யப்படுகிறது. அதில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே அக்ரிலிக் துணி, நடுவில் ரப்பர், கீழே உள்பக்கத் துணி. மழையைத் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர்தான். மேல் துணியில் தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சு இருக்கும். அதனால்தான் மழைத்துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடுகின்றன. பூச்சு தேய்ந்து போனால் உடனே ஒழுகாது. ஆனால் துணி தண்ணீரைக் குடித்து நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். இங்குள்ள குளிரில் அந்த ஈரத்தில் பச்சைப் பாசி பிடித்துவிடும்.

எப்படிக் கழுவுவது?

1. காரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் ஷாம்பூ காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக் கொள்ளும்.

2. காய்ந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் முதலில் தட்டி விடுங்கள். பறவை எச்சம் இருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன் மேல் சிறிது நேரம் போட்டு வைத்தால் ஊறி வந்துவிடும்.

3. கூரை முழுவதையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனையுங்கள்.

4. சாஃப்ட் டாப்புக்கென்றே விற்கும் கிளீனரை அல்லது மெழுகு கலக்காத கார் ஷாம்பூவை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். துணியின் நெசவு போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் நூல் பிசிறு எழும்பும்.

5. நுரை அடங்கும் வரை அலசுங்கள். பலர் அவசரப்படும் இடம் இது. சோப்பின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இழுத்துச் செல்வதுதான். துணியில் சோப்பு மிச்சம் இருந்தால், எவ்வளவு நல்ல பூச்சு இருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கும்.

6. நூல் உதிராத துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் முழுவதும் காய விடுங்கள். ஈரமான கூரையை மடக்கி வைக்கவே கூடாது. மடிப்பில் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும்.

இவற்றைச் செய்யாதீர்கள்!

பிளீச் வேண்டாம். அது துணியை மட்டுமல்ல, தையல் நூலையும் பலவீனப்படுத்தும். பாத்திரம் கழுவும் சோப்பும், துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம். பிரஷர் வாஷரைக் கூரைக்கு அருகில் கொண்டு போகாதீர்கள். தையல் போட்ட இடங்களில் ஊசித் துளைகள் இருக்கின்றன. வேகமாகப் பாயும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே புகுந்துவிடும்.

பின் ஜன்னல் கண்ணாடியாக இருந்தால் கவலை இல்லை. பிளாஸ்டிக்காக இருந்தால் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். கடும் குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். அந்த நேரத்தில் மடக்கினால் விரிசல் விடும்.

பூச்சு போட வேண்டுமா?

சோதித்துப் பாருங்கள். காய்ந்த துணிக் கூரையில் சில துளி தண்ணீர் விடுங்கள். துளிகள் உருண்டு நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. நனைந்து கறுத்துப் பரவினால் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. கூரை நன்றாகக் காய்ந்த பின், மழை வராத நாளாகப் பார்த்து, கண்ணாடியையும் பெயிண்டையும் காகிதத்தால் மூடிவிட்டு ஸ்ப்ரே செய்யுங்கள். ஒரே தடவையில் தடிமனாக அடிப்பதை விட, மெல்லியதாக இரண்டு தடவை அடிப்பது நல்லது. டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் வரை நனைய விடாதீர்கள். ஃப்ளோரின் கலக்காத ஸ்ப்ரேக்களும் இப்போது கிடைக்கின்றன. வினைல் கூரைக்கு இந்த ஸ்ப்ரே பயன்படாது. வெயிலில் வெளிறாமல் காக்கும் வினைல் புராடக்டை வாங்குங்கள்.

தண்ணீர் போகும் வழி

இனி நான் கோட்டை விட்ட விஷயத்துக்கு வருவோம். கூரையில் வழியும் தண்ணீர் அதன் விளிம்பில் உள்ள வாய்க்கால் போன்ற பள்ளத்தில் சேரும். அங்கிருந்து இரண்டு பக்கமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் இறங்கிவிடும். என் வீட்டுக்கு எதிரே ஒரு பிர்ச் மரம் நிற்கிறது. அதன் விதைகள் தவிட்டைப் போல மிகச் சிறியவை. நான் கழுவும் போதெல்லாம் கூரையில் கிடந்த விதைகளை நானே தண்ணீர் விட்டு அந்தக் குழாய்க்குள் தள்ளியிருக்கிறேன்! குழாய் அடைபட்டதும் தண்ணீர் பள்ளத்தில் தேங்கிவிட்டது.

எல்லாக் கார்களிலும் மோட்டார் அங்கே இருப்பதில்லை. கையால் மடக்கும் கூரையில் மோட்டாரே கிடையாது. ஆனால் குழாய் அடைத்தால் தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? சீட்டுக்கு அடியில் உள்ள கார்ப்பெட்டுக்குள் போகும், தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும், ஒயர் கனெக்டர்களையும் எலெக்ட்ரானிக் யூனிட்களையும் கெடுக்கும். கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் கொட்டினால் பதறுகிறோம். காருக்குள்ளும் கம்ப்யூட்டர்கள் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். கார் மேனுவலில் பாருங்கள். முதலில் இலை, விதைகளைக் கையால் பொறுக்கி எடுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அதே பக்கம் காருக்கு அடியில் தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டவில்லையா? மேலும் ஊற்றாதீர்கள். வளையக் கூடிய நைலான் ஒயரை மெதுவாக விட்டு அடைப்பை எடுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் குத்திக் கிழித்துவிடும். காற்றழுத்தம் கொடுத்தால் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடலாம். பிறகு தண்ணீர் முழுவதும் பாடிக்கு உள்ளேயே கொட்டும்.

இப்போது நான் கழுவும் வரிசையே மாறிவிட்டது. முதலில் விதைகளைப் பொறுக்குகிறேன், அடுத்து குழாயைச் சோதிக்கிறேன், அதன் பிறகுதான் பக்கெட்டைத் தொடுகிறேன். கடைசியாக சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு கார்ப்பெட் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். புது மோட்டார் போட்டு நான்கு குளிர்காலம் ஆகிறது. பட்டனை அழுத்தினால் கூரை உடனே மடங்குகிறது. நீங்களும் அடுத்த முறை ஷாம்பூவைத் தேடும் முன், ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.