"எப்பிடி எரிஞ்சது?" என்ற கேள்விக்குப் பிறகு

எங்கள் வட்டுக்கோட்டையில் யாராவது எரிகாயத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எப்பிடி எரிஞ்சது?" என்றுதான். வைத்தியரும் பொலிஸாரும் உறவினரும் அதை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். பெண் என்றால் கேள்விக்குள் சந்தேகமும் இருக்கும். பதில் சொல்லிக் களைத்தவர்கள் பேச்சையே குறைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். இவர்களுக்கு உதவக்கூடிய ஒரு வழி கலைச் சிகிச்சை.

அந்தப் பெயரை 1942இல் வைத்தவர் ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில். காசநோயால் மருத்துவமனையில் இருந்தபோது அவர் தானும் வரைந்தார், மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார்.

இது சித்திர வகுப்பு அல்ல. படம் அழகாக வர வேண்டியதில்லை. வரைந்ததைப் பற்றிப் பேசுவதா இல்லையா என்பதை நோயாளியே முடிவு செய்வார். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கூட இருப்பார்.

எரிகாயத்தில் என்ன பயன்?

முதலாவது, வலி. மருந்து கட்டும் நேரம்தான் பலருக்கும் மிகக் கொடியது. கவனம் வேறொன்றில் ஆழ்ந்தால் வலி குறைவாக உணரப்படும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எரிகாய நோயாளிகளுக்குக் கணினியில் பனி உலகம் ஒன்றைக் காட்டிச் செய்த ஆய்வுகளின் அடிப்படையும் இதுதான்.

இரண்டாவது, கை. ஆறும் தோல் சுருங்கி மூட்டுகளை இழுக்கும். தூரிகை பிடிப்பதும் களிமண் பிசைவதும் விரல்களை அசைய வைக்கும். ஆனால் திறந்த புண்ணில் களிமண் படக்கூடாது. எப்போது தொடங்கலாம் என்பதை வைத்தியரும் இயன்மருத்துவருமே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கண்ணாடி. மாறிப்போன முகத்தைப் பார்க்க அஞ்சுகிறவர், அதைத் தாளில் கொஞ்சம் கொஞ்சமாக அணுகலாம்.

வலி மருந்துக்கோ தோல் ஒட்டும் சத்திரசிகிச்சைக்கோ இது மாற்று அல்ல. இத்துறையின் ஆய்வுகள் பலவும் சிறியவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, நிறமும் களிமண்ணும் மனக்காயத்துக்கு உதவும் என்பதை நம் மண்ணிலேயே காட்டியது. பெரியவர்கள் என்று வரும்போது மட்டும் அது "சின்னப்பிள்ளை விளையாட்டு" ஆகிவிடுகிறது. நாற்பது வயதுக்காரருக்கும் சொல்ல முடியாதவை உண்டு.

அடுத்த முறை எரிகாய விடுதிக்குப் போகிறீர்களா? தாதியரிடம் கேட்டுவிட்டு, பழத்தோடு ஒரு புதுக் கொப்பியும் நிறப் பென்சில்களும் கொண்டு போங்கள். சிகிச்சையாளரின் இடத்தை அவை நிரப்பா. ஆனாலும் பதில் எதிர்பார்க்காமல் பக்கத்தில் இருக்க உங்களால் முடியும்.