உவர்நீரில் ஒரு கசையிழை

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், வாந்திபேதியால் அவதியுற்றோரில் சிலருக்குக் காலரா என்று பரிசோதனையில் உறுதிப்பட்டு, காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டபோது, பாட்டிமார் காலத்துக் கொள்ளைநோய் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டதாக எண்ணித் திகிலடைந்தவர் பலர். ஆனால் விப்ரியோ காலரே என்னும் அந்தக் கிருமியின் அவயவங்களை ஆராய்வோமாயின், அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் போன்ற உவர்நீர்நிலைகளே அதன் சுபாவமான இருப்பிடம் என்பது விளங்கும்.

மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு நீளமுள்ள அந்த வளைந்த சரீரத்தின் ஒரு முனையில் மட்டும் கசையிழை ஒன்று உண்டு. அதன் அடியில், சவ்வுகளுக்குள் பதிந்த புரத வளையங்களாலான சுழற்சி யந்திரம் இருக்கிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலியின் யந்திரம் ஹைட்ரஜன் அயனிகளின் பாய்ச்சலால் சுழல, இதனுடையதோ உப்பிலுள்ள சோடியம் அயனிகள் உட்புகும் விசையாலேயே சுழல்கிறது. முகத்துவாரத்தில் வாழப் பிறந்த ஜீவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. அதன் மேலுள்ள நுண்ணிய புரத இழைகளில் ஒரு வகை, இறால், நண்டு முதலியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டினைப் பற்றிக்கொள்ளத் துணைசெய்கிறது. மற்றொரு வகை, மனிதக் குடலில் கிருமிகள் திரண்டு நிலைகொள்ளத் துணைசெய்கிறது.

பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு ஒரே குரோமோசோம் இருக்க, இதற்கு இரண்டு. அவற்றுள் பெரியதில் அமைந்துள்ள காலரா நச்சின் மரபணுக்களோ, கிருமியைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தவை என்று 1996-இல் நிரூபணமாயிற்று. அந்த நச்சைப் பிரத்தியட்சமாகக் காட்டியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. 1959-இல் அவர், முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியைக் கட்டி, கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் அதனுள் செலுத்த, அப்பகுதி நீர் கோத்து வீங்கிற்று. கிருமியின் புறச்சவ்வில் அமைந்த ஒரு புரதத் துவாரம் வழியே வெளிப்படும் அந்த நச்சு, குடலின் உயிரணுக்களை உப்பையும் நீரையும் ஓயாது கொட்டச் செய்கிறது. நோயாளியின் பேதி அரிசி கழுவிய நீர்போல் ஆவது இதனால்தான். இத்தனை பெரிய உண்மையைக் கண்ட டேயின் பெயரை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

புறச்சவ்வின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைக் கொண்டே நம் உடல் இக்கிருமியை அடையாளம் காண்கிறது. 1992-இல் சென்னையில் முதலில் தென்பட்ட ஓ139 என்னும் வகை, அச்சங்கிலிகளை மாற்றிக்கொண்டு, அதுவரை கொள்ளைநோய் பரப்பிய ஓ1 வகைக்கு இல்லாத ஓர் உறையையும் அணிந்து வந்தது. ஆகவே பழைய வகையால் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த வயதுவந்தோரும் திரளாக நோயுற்றனர்.