கஞ்சா புகைத்த மூளை: தெரியுமா இந்த விசித்திரமெல்லாம்?

உங்கள் மூளையே சொந்தமாக ஒரு கஞ்சாச் சரக்கைத் தயாரிக்கிறது, தெரியுமா? கஞ்சாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் மூளையிலும்தான்! 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலமின் குழு பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தது. இதே மெக்கூலம்தான் 1964-இல் யெகியேல் கவோனியோடு சேர்ந்து, கஞ்சாவில் போதை ஏற்றும் டி.எச்.சி.யைத் தனியே பிரித்துக் காட்டியவர். ஆராய்ச்சிக்குச் சரக்கு எங்கே கிடைத்தது என்கிறீர்களா? போலீஸிடம்! பறிமுதல் செய்த லெபனான் ஹஷீஷ் 5 கிலோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு மனிதர் பஸ் ஏறிவிட்டார். என்ன வாடை இது என்று சக பயணிகள் பேசிக்கொள்ளும் அளவுக்கு மணம் கிளம்பியதாம்!

அந்த டி.எச்.சி. மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது? 'சிபி1' என்னும் ஏற்பிகளில். நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ், பயத்தை உணரும் அமிக்டலா, யோசிக்கும் புறணி என்று முக்கியமான இடங்களிலெல்லாம் அவை மண்டிக் கிடக்கின்றன. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் மட்டும் மிகக் குறைவு. ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்றுபோவதுபோல் கஞ்சாவில் நிற்காததற்கு இதுதான் காரணம். அப்படியானால் ஆபத்தே இல்லை என்று கிளம்பிவிடாதீர்கள், கதை இனிமேல்தான்!

ஸ்வீடனில் 1969-70-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களிடம் கஞ்சாப் பழக்கம் பற்றிக் கேட்டு எழுதி வைத்தார்கள். பிறகு 15 ஆண்டுகள் அவர்களைக் கவனித்தார்கள். 1987-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 50 தடவைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் 6 மடங்கு அதிகம்! முன்பே இருந்த மனக்கோளாறு, வளர்ந்த சூழல் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தபோது அந்த 6 நன்றாகவே இறங்கியது, ஆனால் மறையவில்லை. புகைத்ததால் மனம் கெட்டதா, மனம் சரியில்லாததால் புகையைத் தேடினார்களா? எது முந்தி? இந்தக் கேள்விக்கு மூளைப் படங்கள் சாட்சி சொல்லுமா என்றுதான் எம்.ஆர்.ஐ. எந்திரங்களை நோக்கி ஓடினார்கள்.

2008-இல் ஆஸ்திரேலியாவில் 15 ஆண்களைப் படம் எடுத்தார்கள். தினமும் 5 சிகரெட்டுக்கு மேல் கஞ்சா, அதுவும் 10 வருடத்துக்கு மேல்! ஒருவருக்கும் மனநோய் கிடையாது. இருந்தும் ஹிப்போகேம்பஸ் 12 சதவீதம் சிறுத்திருந்தது. அமிக்டலா 7.1 சதவீதம்.

அதே ஆண்டு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இன்னும் முக்கியமான ஒரு வேலை நடந்தது. மனச்சிதைவு புதிதாக வந்த 51 பேரை 5 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்தார்கள். அவர்களில் 19 பேர் அந்த 5 ஆண்டுகளும் கஞ்சாவை விடவில்லை, 32 பேர் தொடவில்லை. நோய் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் புகைத்தவர்களின் மூளையில் சாம்பல் நிறப் பொருள் கூடுதலாகக் கரைந்திருந்தது. மூளை நடுவே நீர் நிரம்பிய அறைகள் உண்டு; சுற்றியுள்ள திசு குறையக் குறைய அவை பெரிதாகும். புகைத்தவர்களுக்கு அந்த அறைகளும் அதிகமாக விரிந்திருந்தன!

முடிந்தது வழக்கு என்று நினைத்தால்... இல்லை! இதோ தலைகீழ்ச் செய்தி. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனச்சிதைவு நோயாளிகளில் கஞ்சா புகைத்தவர்கள், புகைக்காத நோயாளிகளைவிட நினைவாற்றல், கவனம் போன்ற சோதனைகளில் தேறியிருந்தார்கள்! கஞ்சா மூளைக்கு மருந்தா என்று குதிக்க வேண்டாம். இவர்களுக்கு நோய்க்கான வித்து முதலிலிருந்தே குறைவாக இருந்திருக்கலாம், கஞ்சா தள்ளிவிட்டிருக்காவிட்டால் நோயே வந்திருக்காது என்பது ஒரு விளக்கம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. சொல்லப்போனால், அது நல்ல செய்தியே அல்ல.

அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் விடவில்லை! 2015-இல் அமெரிக்காவில் உடன்பிறந்தோரை, இரட்டையர்களையும் சேர்த்து, ஒப்பிட்டார்கள். புகைத்தவரின் அமிக்டலா சிறிதுதான். ஆனால் புகைக்காத உடன்பிறப்புக்கும் ஏறக்குறைய அவ்வளவே! குடும்பத்திலிருந்தே வந்த சிறுமை அது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு 1,577 இளம் வயதினரைப் பார்த்தது. மனச்சிதைவுக்கான மரபுச் சுமை அதிகமுள்ள பையன்களில் மட்டும், கஞ்சா புகைத்தவர்களின் புறணி மெலிந்திருந்தது. பெண்பிள்ளைகளிடம் இல்லை!

எது முந்தி என்ற கேள்வியை நேராக மடக்கியது 2021-இல் வந்த ஐரோப்பிய ஆய்வுதான். கஞ்சா தொடாத 14 வயதுப் பிள்ளைகள் 799 பேரை முதலிலேயே படம் எடுத்தார்கள், 19 வயதில் மறுபடியும். 14 வயதுப் படத்தை வைத்துப் பின்னாளில் யார் புகைப்பார் என்று சொல்லவே முடியவில்லை. ஆனால் புகைக்கத் தொடங்கியவர்களுக்கு நெற்றிப் புறணி வேகமாக மெலிந்தது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு மெலிவு. எங்கே மெலிந்தது தெரியுமா? சிபி1 ஏற்பிகள் செறிந்த இடங்களோடு அந்த வரைபடம் ஒத்துப்போனது! புகைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் மனநோய் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லண்டனில் 'ஸ்கங்க்' என்றொரு ரகம். டி.எச்.சி. ஏராளம், அந்தப் போதையைத் தணிக்கக்கூடிய சி.பி.டி. என்ற இன்னொரு கஞ்சாப் பொருள் பேருக்குத்தான். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றையான கார்பஸ் கலோசத்தில் இதன் தழும்பைக் கண்டார்கள் கிங்ஸ் கல்லூரியினர். சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்று நம்புவது போன்ற நிலை, வந்தவர்களிடமும் இருந்தது, வராதவர்களிடமும் இருந்தது! அதே கல்லூரியில் இன்னொரு வியப்பு: சைக்கோசிஸ் வரும் அபாயத்தில் இருந்தவர்களுக்கு 600 மில்லிகிராம் சி.பி.டி.யை ஒரே ஒரு முறை கொடுத்ததில், மூளையின் நடத்தை இயல்பை நோக்கி ஓரளவு திரும்பியது. கெடுப்பதும் தணிப்பதும் ஒரே செடி!

2025-இல் கனடாவிலிருந்து வந்ததுதான் சூடான செய்தி. நடுமூளையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கும் ஓரிடம் உண்டு. அறுத்துப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். டோபமைன் உருவாக உருவாக 'நியூரோமெலனின்' என்ற நிறமி அங்கே ஆண்டுக்கணக்கில் படிந்துகொண்டே வருவதால் அந்தக் கறுப்பு. மண்டையைத் திறக்காமல், தனிவகை எம்.ஆர்.ஐ. வைத்தே அந்தப் படிவை அளந்துவிட்டார்கள்! கஞ்சாவை விட முடியாமல் தவிப்பவர்களிடம் அந்தக் கறுப்பின் அளவு கூடியிருந்தது. சைக்கோசிஸ் அறிகுறிகள் முற்றியவர்களிடம் எந்த மூலையில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே மூலையில்.