மஞ்சள் விளக்கும் கிளம்பாத காடியும்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்லும் கார்களின் முகப்புப் பலகையில், எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. ஓட்டத்தின்போது அது எரிந்தால் சிலர் அஞ்சி எதை எதையோ மாற்றிப் பணத்தை இழக்கின்றனர். சிலர் கண்டும் காணாதவராய் ஓட்டுகின்றனர். இரண்டும் நன்றன்று. அவ்விளக்கு உணர்த்துவது யாது, காடி எளிதில் கிளம்பாமைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர், எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து நச்சுக்காற்றாகின்றன என 1950ஆம் ஆண்டுகளில் விளக்கினார். கிழக்கே மலைத்தொடரும் ஆண்டு முழுதும் வெயிலும் உடைய நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் இவ்வுண்மை பொருந்தும். அமெரிக்காவில் 1971 முதல் பெட்ரோல் தொட்டியின் ஆவியை அடக்கும் அமைப்பும், 1996 முதல் புகைக்கட்டுப்பாட்டு உறுப்புகளைக் காரே சோதித்துக் குறியெண் தரும் பொது முறையும் கட்டாயமாயின. பிற நாட்டுக் கார்களிலும் இவை பின்னர்ப் பரவின.

தொட்டியில் எழும் ஆவி, கரி நிரப்பிய ஒரு குடுவைக்குச் செல்கிறது. கரித்துகளின் மேற்பரப்பு அவ்வாவியைப் பற்றிக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் பரப்புக் கவர்தல் என்று கற்பிப்பது இதனையே. எஞ்சின் ஓடும்போது ஒரு மின்வால்வு திறந்து, அவ்வாவியை எஞ்சினுக்குள் விட்டு எரிக்கிறது. மின்சாரம் இல்லாதபோது இவ்வால்வு மூடியிருத்தல் வேண்டும். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், பெட்ரோல் நிரப்பியவுடன் எழும் மிகுதியான ஆவி எஞ்சினுள் புகும். பெட்ரோல் ஒரு பங்கிற்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு எடையில் இருக்க வேண்டிய கலவை கெடும். காடி கிளம்பத் திணறும். மஞ்சள் விளக்கும் எரியும்.

ஆகவே, எப்போது கிளம்ப மறுக்கிறது என்பதே முதற்கேள்வி. பெட்ரோல் நிலையத்தில் மட்டும் மறுத்தால் மேற்சொன்ன வால்வை ஐயுறுக. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். எஞ்சின் நன்கு சுழன்றும் தீப்பற்றாவிடில், பெட்ரோல் அழுத்தத்தையும் தீப்பொறியையும் சோதிப்பதே முறை.

அடுத்தது குறியெண். பட்டறையில் கருவியைப் பொருத்தினால் அது தெரியும். பி 0441 என்பது ஆவி செல்லும் ஓட்டத்திலும், பி 0455 என்பது பெரிய கசிவிலும் குறை உண்டு எனக் காட்டும். ஆயின், குறியெண் குறையுள்ள இடத்தைச் சுட்டுமேயன்றிப் பழுதான உறுப்பைத் தீர்ப்பாகச் சொல்லாது. பி 0455க்குக் காரணம் சரியாக மூடாத பெட்ரோல் மூடியாகவும் இருக்கலாம். வெடித்த குழாயாகவும் இருக்கலாம். மூடியே காரணமாயின், அதை இறுக்கியபின் சில ஓட்டங்களில் விளக்கு தானே அணையும். காரணம் அறியாமல் குறியெண்ணை அழிப்பது, நோயாளியின் குறிப்பேட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். குறை தோன்றியபோது பதிவான விவரங்களும் உடன் அழிந்துபோம்.

விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சோதித்தால் போதும். விட்டுவிட்டு மின்னினாலோ, எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கிக் கலத்தை அடைந்து அதனைச் சுட்டழிக்கிறது என்பது பொருள். வேகத்தைத் தணித்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துதல் வேண்டும்.

பெட்ரோல் குழல் தானே நின்றபின்னும் மேலும் நிரப்பும் பழக்கத்தை விடுதல் நலம். அதனால் திரவப் பெட்ரோல் கரிக்குடுவையுள் புகுந்து அதனைப் பாழாக்கும். அங்கே சில காசுப் பெட்ரோலுக்கு ஆசைப்படுவோர் பின்னர்ப் பட்டறையில் பல வெள்ளி செலவிட நேரும். தப்பிய ஆவியோ நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் கலக்கும்.