மலைத்தோட்டத்து உயிரியல் – 9: கொழுந்துக்குள் இரண்டு அறைகள்

இலைத்துளைகள் திறப்பதும் மூடுவதும் சென்ற இதழில் முடிந்தன. தொடர்ந்து படிப்போருக்கு அதற்கு மேல் நினைவூட்டல் தேவையில்லை. இவ்வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்த பொருள், ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியும் கேமரன் மலைத் தோட்டங்களின் கவ்வாத்தும் ஆகும். ஆயினும், கிள்ளிய கொழுந்து தொழிற்சாலைக்குள் என்னவாகிறது என்பதைப் பார்க்காமல் செடிக்குத் திரும்பினால், எஸ்.பி.எம். உயிரியலில் படிவம் 4-இன் 5ஆம் அத்தியாயமான வளர்சிதை மாற்றமும் நொதிகளும் வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

நொதி என்பது உயிரணுவில் நடக்கும் வேதிவினையை விரைவுபடுத்தி, வினை முடிந்தபின் தான் மாறாமல் எஞ்சும் புரதமாகும். அது எந்தப் பொருளின்மீது வினைபுரிகிறதோ அது தளப்பொருள் எனப்படும். நொதியின் மேற்பரப்பில் உள்ள கிளர்வு மையம் என்னும் குழிவில் குறிப்பிட்ட தளப்பொருள் மட்டுமே பொருந்தும் என்பதை 1894-இல் எமில் ஃபிஷர் பூட்டும் சாவியும் என்று விளக்கினார்; தேர்வுத்தாள்கள் இன்றும் அந்தப் பூட்டையும் சாவியையும் விட்டபாடில்லை.

தேயிலைக் கொழுந்தில் இவ்விரண்டும் தனித்தனியே பூட்டி வைக்கப்பட்டுள்ளன. துவர்ப்புக்குக் காரணமான கேட்டச்சின்கள், இளங்கொழுந்தின் உலர் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு வரை இருப்பவை, உயிரணுவின் நடுவே நீர் நிறைந்த பையான நுண்குமிழுக்குள் அடைபட்டிருக்கின்றன. அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் செம்பு கொண்ட நொதியோ பெரும்பாலும் பசுங்கணிகத்தில் இருக்கிறது. இடையில் நிற்பவை மெல்லிய சவ்வுகள் மட்டுமே. பூச்சி கடித்தாலோ, விரல் நசுக்கினாலோ, உருளை அரைத்தாலோ சவ்வு கிழிந்து, நொதியும் தளப்பொருளும் காற்றும் ஒன்றுகூடுகின்றன. அதுவரை பச்சையாக இருந்த இலை செம்பழுப்பாகிறது. நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டு வைக்கும் வழக்கமும் இதே வகை நொதிக்குக் காற்று எட்டாமல் தடுப்பதற்கே.

இந்தக் கேட்டச்சினைப் பச்சைத் தேயிலையிலிருந்து முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தவர் ஜப்பானியரான மிச்சியோ சுஜிமுரா, ஆண்டு 1929. கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும் அதே 1929-இல்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த ஒற்றுமையைத் தேர்வில் யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும், சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெண்களை மாணவராகச் சேர்க்காத ஹொக்கைடோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஊதியமின்றி ஆய்வுக்கூட உதவியாளராகப் பட்டுப்புழுவின் உணவைப் பற்றி ஆராயத் தொடங்கிய சுஜிமுரா, பின்னர் டோக்கியோவுக்குச் சென்று, 1923-இன் பெரும் நிலநடுக்கத்தில் ஆய்வுக்கூடம் அழிந்தபின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் உமெதாரோ சுசுகியின் குழுவில் பணியாற்றினார். 1924-இல் பச்சைத் தேயிலையில் உயிர்ச்சத்து சி இருப்பதைச் சக ஆய்வாளர் செய்தாரோ மியூராவுடன் கண்டறிந்தார். 1932-இல் ஜப்பானில் வேளாண்மையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். உயிரியல் பாடநூல்களின் ஓரப் பெட்டிகளில் இடம்பெறும் படங்களுக்கு இவருடையதை விடத் தகுதியானது எதுவென்று தெரியவில்லை.

தொழிற்சாலைக்குள் நடப்பது இந்த அத்தியாயத்தின் செய்முறைப் பகுதியே. முதலில் வாட்டுதலில், முக்கால் பங்குக்கும் மேல் நீரால் ஆன கொழுந்து நீரை இழந்து துவள்கிறது. உருட்டும்போது சவ்வுகள் கிழிகின்றன. அரைபட்ட இலையைப் பரப்பி வைக்கும்போது நொதி வேலை செய்து, கேட்டச்சின்களை இணைத்துத் தேநீரின் பொன்னிறத்துக்குக் காரணமான தியாஃபிளேவின்களையும் செந்நிறம் தரும் தியாரூபிஜின்களையும் உண்டாக்குகிறது. இதை நொதித்தல் என்றே தோட்டங்களில் சொன்னாலும், ஈஸ்ட்டுக்கோ பாக்டீரியாவுக்கோ இதில் முக்கிய வேலையில்லை. ஆக்சிஜனின்றி நடக்கும் 7ஆம் அத்தியாயத்து நொதித்தலோடு இதைக் குழப்பிக்கொண்டால் மதிப்பெண் போகும். இறுதியில் சூடான காற்றில் உலர்த்தும்போது புரதத்தின் வடிவம் குலைந்து, கிளர்வு மையம் சிதைந்து, வினை நிற்கிறது. நொதி ‘இறந்துவிடுகிறது’ என்று விடைத்தாளில் எழுதுவோர் பலர். உயிரில்லாத ஒன்று இறப்பதில்லை, அது இயல்பிழக்கிறது. குளிரில் நொதி இயல்பிழப்பதில்லை, வேகம் குறைகிறது, அவ்வளவே. வெப்பநிலை திரும்பினால் வேகமும் திரும்பும். பயிற்சி நூல்களின் மணிவடிவ வரைபடம் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை, ஏனெனில் அதன் இரு பக்கச் சரிவுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இறங்குகின்றன.

வெயிலில் சாக்கில் அமுக்கி வைத்த கொழுந்து ஆலைக்கு வருவதற்குள் சிவந்துவிடுவதும் இதனால்தான்: பறித்த பிறகும் சுவாசிக்கும் இலை வெப்பத்தை வெளியிடுகிறது, குவியல் சூடேறுகிறது, நசுங்கிய இடங்களில் நொதி உரிய நேரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. குளிர்ந்த கேமரன் மலையிலும் அமுக்கிய சாக்கின் நடுப்பகுதி குளிர்ந்திருப்பதில்லை.

பச்சைத் தேயிலை செய்வோர் உலர்த்துதலின் வெப்பத்தை முன்னுக்குக் கொண்டுவருகின்றனர். ஜப்பானில் நீராவியாலும் சீனாவில் பெரும்பாலும் சூடான வாணலியாலும் தொடக்கத்திலேயே நொதியை இயல்பிழக்கச் செய்துவிடுவதால் கேட்டச்சின்கள் மாறாமல் எஞ்சுகின்றன. இது தெரியாத காலத்தில் லின்னேயஸ் கறுப்புத் தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் இரு வேறு செடி இனங்கள் என்று பெயரிட்டிருந்தார். 1840களில் சீனத்தில் சுற்றிய ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன்தான் இரண்டும் ஒரே செடியின் இலைகளே என்பதை ஐரோப்பியருக்குத் தெளிவாக எழுதினார்.

ஆகவே ஆக்சின் அடுத்த இதழுக்குப் போகிறது. அதற்குள் படிவம் 5-இன் துலங்கல் அத்தியாயத்தைப் புரட்டி வைப்பது நல்லது: நுனி மொட்டைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் ஏன் கிளைக்கின்றன, ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ என்னும் தோட்டக் கணக்கும் 1880-இல் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடி மறைத்துச் செய்த சோதனையும் எங்கே சந்திக்கின்றன என்பதிலிருந்து அது தொடங்கும்.