வாயில் ஊறும் நீர்

ஆரோவில்லிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். கோடை வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு நடுப்பகலில் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டும். கூழுக்குத் தொட்டுக்கொள்ள மாங்காயைக் கடித்ததும் அதே வாயில் நீர் ஊறும்.

எச்சிலைச் சுரப்பவை மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள்: காதுக்கு முன்னால், தாடை எலும்புக்குக் கீழே, நாக்குக்கு அடியில். உதட்டின் உட்புறத்திலும் அண்ணத்திலும் குட்டிச் சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லிலிட்டர் ஊறும். அதில் பெரும்பங்கு தாடைச் சுரப்பியினுடையது. தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். சாப்பிடத் தொடங்கினால் காதோரச் சுரப்பியும் வேகமெடுக்கும். 1 முதல் 2 மில்லிலிட்டர் வரும், கடும் புளிப்புக்கு அதற்கும் மேலே.

இந்த வேகத்தைக் கூட்டுவது நரம்பு. நாக்கில் பட்ட புளிப்பும் பல் மெல்லுவதும் மூளையின் அடித்தண்டுக்குச் செய்தியாகப் போக, அங்கிருந்து சுரப்பிகளுக்குக் கட்டளை வருகிறது. மாங்காயை நினைத்தாலே வாய் ஊறுவதும் அங்கிருந்து வரும் கட்டளையால்தான். பயத்தில் இந்தக் கட்டளை அடங்கிவிடுவதால் வாய் உலர்கிறது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது அடுத்த கட்டம். சுரப்பியின் நுண்பைகளில் முதலில் உருவாகும் நீர், இரத்தத்தின் நீர்ப்பகுதி அளவுக்கே உப்பானது. வாய்க்கு வரும் வழியில் நாளத்தின் சுவர்கள் அந்த உப்பைப் பெருமளவு உறிஞ்சி இரத்தத்துக்குத் திருப்பிவிடுகின்றன, நீரை விட்டுவிடுகின்றன. உப்பளத்தில் நடப்பதற்கு நேர்மாறு: அங்கே நீர் போய் உப்பு தங்குகிறது. எச்சில் இப்படி உப்புக் குறைந்து இருப்பதால்தான் கூழில் போட்ட ஒரு கல் உப்பும் நாக்குக்குத் தெரிகிறது. எச்சில் வேகமாகப் பாயும்போது நாளத்துக்கு உறிஞ்ச நேரம் போதாது. அதனால் மாங்காய்க்கு ஊறும் எச்சிலில் உப்பு கூடுதல். கூடவே பைகார்பனேட்டும் கூடி, பல்லை அரிக்கும் புளிப்பைத் தணிக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இரத்தத்திலிருந்து வரும் நீர். வியர்த்துக் கொட்டி உடலில் நீர் குறைந்தால் எச்சிலும் குறையும். அப்போது மாங்காய் சற்று நேரம் வாயை நனைக்கும். இழந்த நீரை அது ஈடுகட்டாது. உப்பளத்தில் நிற்பவர்கள் வாய் ஈரமாக இருக்கிறதே என்று தண்ணீர்க் குடத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.