உலோக அயர்ச்சி: ஒரு கலைச்சொல்லும் அது கற்பிக்கும் பாடமும்

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் காட்டும் வண்டி அச்சை மாணவர் அனைவரும் அறிவர். மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பது அக்குறளின் கருத்து. அங்கு முறிவுக்குக் காரணம் மிகைச்சுமை. ஆனால், தாங்கக்கூடிய சுமையாலும் அச்சு முறியலாம் என்பதை 19ஆம் நூற்றாண்டின் இருப்புப்பாதைகள் உலகுக்கு உணர்த்தின.

பல ஆண்டுகள் பழுதின்றி ஓடிய இரயில் வண்டிகளின் அச்சுகள் ஒருநாள் திடீரென முறிந்தன. பிரசிய இருப்புப்பாதைப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இதனை முறையாக ஆராய்ந்தார். ஒரு முறை ஏற்றினால் எவ்வகைத் தீங்கும் செய்யாத சுமை, மீண்டும் மீண்டும் வந்து தாக்கும்போது உலோகத்தை முறித்துவிடும் என அவர்தம் சோதனைகள் காட்டின. சுமையின் அளவோடு அது திரும்பத் திரும்ப வரும் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பது அதன் முடிவு.

இந்நிகழ்வுக்கு ஆங்கிலத்தார் உடற்களைப்பைக் குறிக்கும் சொல்லையே பெயராக வழங்கினர். தமிழில் நாமும் அவ்வழியே நின்று களைப்பு, சோர்வு, அயர்ச்சி எனப் பெயரிட்டோம். உவமையால் பிறந்த கலைச்சொல் மனத்தில் எளிதில் பதியும். எனினும், உவமை எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாது என்பதை நாம் பிரித்தறிய வேண்டும். களைத்த மனிதர் உறங்கி எழுந்தால் தெளிவு பெறுவார். உலோகம் அவ்வாறு தெளிவதில்லை. ஒரு மெல்லிய கம்பியை இன்று ஐந்து முறை முன்னும் பின்னும் வளைத்துவிட்டு நாளை தொடர்ந்தாலும், இன்றைய ஐந்தும் கணக்கில் நிற்கும். ஓய்வு அக்கணக்கை அழிக்காது.

இதன் காரணத்தைக் காண்போம். சுமை சிறிதாயின் உலோகம் சற்றே நீண்டு, சுமை நீங்கியதும் பழைய நிலைக்கு மீளும். இது மீள் திரிபு. சுமை பெரிதாயின் உலோகத்தின் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று நழுவும். சுமை நீங்கினும் அந்நழுவல் நீங்காது. இது மீளாத் திரிபு. எதிர்த்திசையில் வளைத்தால் அடுக்குகள் பின்னோக்கி நழுவும். ஆயினும் வந்த வழியே முற்றிலும் திரும்புவதில்லை. அதனால் மேற்பரப்பில் நுண்ணிய படிகள் தோன்றுகின்றன. அவற்றிலிருந்து விரிசல் பிறந்து, சுற்றுதோறும் சிறிது சிறிதாக முன்னேறுகிறது. எஞ்சிய பகுதி சுமையைத் தாங்க இயலாத நிலையில் முறிவு நிகழ்கிறது.

மீளாத் திரிபு ஏறத்தாழ இல்லாத நிலையில் முறிவுக்குப் பல இலட்சம் சுற்றுகள் தேவைப்படலாம். ஒவ்வொரு சுற்றிலும் மீளாத் திரிபு குறிப்பிடத்தக்க அளவில் நிகழுமாயின் சில நூறு அல்லது சில ஆயிரம் சுற்றுகளே போதும். பின்னதைக் குறைசுற்று அயர்ச்சி என்கிறோம். நிலநடுக்கத்தில் ஆடும் எஃகுக் கட்டடங்களின் இணைப்புகளிலும், சூடேறிக் குளிரும் சுழலிகளின் உறுப்புகளிலும் இது நேர்கிறது. மீளாத் திரிபின் அளவுக்கும் முறிவு வரையிலான சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை, 1950களில் காஃபின், மேன்சன் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டனர். அத்தொடர்பின்படி, மீளாத் திரிபைப் பாதியாகக் குறைத்தால் ஆயுள் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மடங்காகக் கூடும்.

எண்ணிக்கையைக் கருதாமையின் விலை எத்தகையது என்பதை அதே காலத்தில் நிகழ்ந்த விபத்து ஒன்று காட்டிற்று. 1954 ஜனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் செல்லும் வழியில் ரோம் நகரை விட்டுப் புறப்பட்ட கோமெட் விமானம், எல்பாத் தீவருகே வானிலேயே சிதறியது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரல் 8ஆம் நாள் மற்றொரு கோமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் வீழ்ந்து 21 பேர் உயிரிழந்தனர். முதல் விமானம் 1,290 முறையும் இரண்டாவது 900 முறையும் பறந்திருந்தன. ஒவ்வொரு பயணத்திலும் அறைக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்குவது ஒரு சுற்று. இங்கிலாந்தில் முழு விமானம் ஒன்றை நீர்த்தொட்டியில் இட்டு அச்சுற்றுகளைத் திரும்ப நிகழ்த்தினர். அது முன்பு பறந்த கணக்கையும் சேர்த்து, மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சுற்றுகளில் அதன் உடற்பகுதி பிளந்தது. சாளரம் போன்ற திறப்பின் மூலையில் தகைவு குவிந்ததே காரணம்.

வியப்பு யாதெனில், விபத்துக்கு முன்னரே இவ்வகை விமானத்தின் உடற்பகுதி ஒன்று சோதிக்கப்பட்டு 16,000 சுற்றுகளுக்கு மேல் தாங்கியிருந்தது. அதே உடற்பகுதிக்கு முதலில் இயல்பைவிட இருமடங்கு அழுத்தம் தந்து அதன் வலிமையை அளந்திருந்தனர். அம்மிகையழுத்தம் மூலைகளிலிருந்த உலோகத்தை மீளாத் திரிபுக்கு உள்ளாக்கி, விரிசலைத் தடுக்கும் அமுக்கத் தகைவை அங்கே விட்டுச்சென்றது. அதனால் அச்சோதனைப் பகுதி, பயணிகளைச் சுமந்த விமானங்களைவிட நெடுநாள் வாழ்ந்தது. ஆய்ந்தவரை நம்பவும் வைத்தது. மிகைச்சுமைத் தேர்வில் வென்ற உலோகம், எண்ணிக்கைத் தேர்வில் தோற்றது.

இவற்றால் அயர்ச்சி என்னும் சொல்லைக் கைவிட வேண்டும் என நாம் கூறவில்லை. வழக்கில் வேரூன்றிய சொல்லை மாற்றுவது எளிதன்று; தேவையும் அன்று. கலைச்சொல் ஒரு பொருளுக்கு வாயில் மட்டுமே. ஆசிரியர் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது, இந்த அயர்ச்சிக்கு ஓய்வு மருந்தாகாது என்னும் ஒரு தொடரையும் உடன் சேர்த்து எழுதுவாராக. ஒரு கம்பியை மாணவர் கையில் தந்து, அது முறியும் வரை வளைவுகளை எண்ணச் சொல்வாராக. எண்ணும் அப்பழக்கமே இக்கலைச்சொல்லின் மெய்ப்பொருள்.